பாப் மார்லியின் கால் பெருவிரல்

மலர்க் குழுவில் இருக்கும் நம் ஜூனியர்கள் ஏதாவது எழுதிக் கொடுங்கள் சார் என்று கேட்டபோது, ஹாஸ்டல் நினைவுகளை எழுதப் பத்துப் பேர் வரிசையில் நிற்பார்கள் என்று எனக்குத் தெரியும். மெஸ் சாம்பாரையும் அனாட்டமி ஹாலின் ஃபார்மலின் வாசனையையும் அவர்களுக்கே விட்டுவிடுகிறேன். நான் எழுதப்போவது ஒரு பாட்டுக்காரரைப் பற்றி. தோல் கட்டிகளை வெட்டி எடுப்பதையே பிழைப்பாகக் கொண்ட சர்ஜனுக்குப் பாட்டுக்காரரோடு என்ன சகவாசம் என்று கேட்காதீர்கள். கொஞ்சம் பொறுத்துப் படித்தால் புரியும்.

பாப் மார்லியை நம் ஹாஸ்டலில் தெரியாதவர்கள் இருந்ததில்லை. அன்றைக்குக் காஸெட், இன்றைக்கு டி-ஷர்ட், அவ்வளவுதான் வித்தியாசம். சொல்லப்போனால் எங்கள் காலத்தில் அவர் பாட்டு ஒன்றைப் போனி எம் குழுவினர் பாடித்தான் முதலில் கேட்டோம். அது மார்லியுடையது என்று தெரியவே பல வருஷம் ஆயிற்று. சடைமுடி, கிட்டார், புகை மூட்டத்துக்கு நடுவே ஒரு சிரிப்பு. ஆனால் அந்த மனுஷர் 36 வயதில் எதனால் செத்தார் என்று ரவுண்ட்ஸில் கூட வரும் பையன்களைக் கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் கஞ்சாவால் நுரையீரல் கெட்டது என்பார்கள். சிலர் யாரோ சுட்டுக் கொன்றார்கள் என்பார்கள். சுட்டது உண்மை, செத்தது அதனால் இல்லை. அவரைக் கொன்றது கால் பெருவிரல் நகத்துக்கு அடியில் முளைத்த ஒரு தோல் கேன்சர்.

ஜமைக்கா தீவில் செயின்ட் ஆன் வட்டாரத்தில் நைன் மைல் என்று ஒரு மலைக்கிராமம். அங்கே 1945 பிப்ரவரி 6-ஆம் தேதி பிறந்தார். ராபர்ட் நெஸ்டா மார்லி என்பது முழுப்பெயர். அம்மா செடெல்லா மால்கம், 18 வயதுக் கறுப்பினப் பெண். அப்பா நார்வல் மார்லி, ஏறத்தாழ அறுபது வயதான வெள்ளைக்காரர், அரசாங்க நிலங்களை மேற்பார்வை பார்த்துவந்தவர். கல்யாணம் ஆனது, ஆனால் குடித்தனம் நடக்கவில்லை. தகப்பன் முகத்தைப் பிள்ளை பார்த்ததே சில தடவைதான். 1955-ல் அவரும் போய்ச் சேர்ந்தார். கறுப்பர் கிராமத்தில் வெளுத்த பையனாகவும், வெள்ளையர் கண்ணுக்குக் கறுத்த பையனாகவும் அவர் வளர்ந்தார். தோல் நிறம் என்பது அவருக்குச் சின்ன வயசிலேயே ஒரு வழக்காகிவிட்டது. பின்னாளில் அந்த நிறத்தைத் தரும் செல்லே அவருக்கு எமனாக வந்தது என்பதை நான் விதி என்றெல்லாம் சொல்லமாட்டேன். ஆனால் படிக்கும்போது ஒரு நிமிஷம் நிற்கத்தான் தோன்றுகிறது.

1957-ல் தாயும் பிள்ளையும் தலைநகர் கிங்ஸ்டனுக்கு வந்தார்கள். குடியிருந்தது ட்ரெஞ்ச் டவுன் என்ற ஏழைகள் பேட்டை. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டு ஒரு வெல்டிங் பட்டறையில் வேலை கற்கப் போனார். ஒரு நாள் இரும்புத் துணுக்கு கண்ணில் தெறித்தது. அதோடு பட்டறைக்குக் கும்பிடு போட்டுவிட்டுப் பாட்டையே பிடித்துக்கொண்டார். கிராமத்திலிருந்தே கூட வந்த பன்னி, பேட்டைக்கு வந்தபின் சேர்ந்த பீட்டர் டோஷ், இவர்களுக்கெல்லாம் சம்பளமே வாங்காமல் பாடக் கற்றுக்கொடுத்த ஜோ ஹிக்ஸ் என்ற பக்கத்துத் தெருப் பாடகர். 1962-ல், ஜமைக்கா சுதந்திரம் பெற்ற அதே வருஷம், மார்லியின் முதல் இசைத்தட்டு வந்தது. 1963-ல் வெய்லர்ஸ் குழு அமைந்தது. ஊருக்குள் பெயர் கிடைத்ததே தவிர பை நிறையவில்லை.

1966 பிப்ரவரியில் ரீட்டாவைக் கல்யாணம் செய்த கையோடு அமெரிக்காவுக்குக் கிளம்பினார். அம்மா அப்போது டெலவேர் மாநிலத்தில் இருந்தார். அங்கே டூபான்ட் கம்பெனி லேபில் உதவியாளாகவும், கிரைஸ்லர் கார்த் தொழிற்சாலையிலும் கொஞ்ச நாள் உழைத்தார். அந்த ஏப்ரலில்தான் எத்தியோப்பியச் சக்கரவர்த்தி ஹைலி செலாசி ஜமைக்காவுக்கு வந்தார். அவரைத் தெய்வமாகவே கொண்டாடும் ராஸ்தஃபாரி மார்க்கம் அங்கே வேரூன்றியிருந்தது. மார்லி அப்போது ஊரில் இல்லை, ரீட்டாதான் கூட்டத்தில் நின்று பார்த்தார். திரும்பி வந்த மார்லியும் அந்த மார்க்கத்தில் சேர்ந்தார். முடியைக் கத்தரிக்கக் கூடாது, உடம்பைச் சிதைக்கக் கூடாது என்பது அவர்கள் நம்பிக்கை; பைபிளின் பழைய ஏற்பாட்டிலிருந்து எடுத்துக்கொண்ட விரதம். இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

அதற்கப்புறம் நடந்தது எல்லாருக்கும் தெரிந்த கதை, வேகமாகச் சொல்லிவிடுகிறேன். லண்டன் ஐலண்ட் ரெக்கார்ட்ஸ் முதலாளி கிறிஸ் பிளாக்வெல் முன்பணம் கொடுத்தார். 1973-ல் ஒரே வருஷத்தில் இரண்டு ஆல்பங்கள் வந்தன. 1974-ல் எரிக் கிளாப்டன் மார்லியின் பாட்டு ஒன்றைப் பாட, அது அமெரிக்காவில் முதலிடத்துக்குப் போனது. பன்னியும் டோஷும் பிரிந்து போனார்கள். 1975 லண்டன் கச்சேரியோடு மார்லி உலகப் பாடகரானார். மூன்றாம் உலக நாடு ஒன்றிலிருந்து வந்து அந்த உயரத்துக்குப் போன முதல் பாப் பாடகர் அவர்தான் என்று சொல்வார்கள். எனக்கு அதில் மறுப்பில்லை.

1976 டிசம்பர் 3 இரவு, கிங்ஸ்டன் ஹோப் ரோடு 56-ஆம் எண் வீட்டுக்குள் துப்பாக்கிக்காரர்கள் புகுந்தார்கள். தேர்தல் நேரம், இரண்டு கட்சிகளும் பேட்டைகளில் ஆயுதத்தோடு திரிந்த நாட்கள். ரீட்டாவுக்குத் தலையில் குண்டு. மானேஜருக்கு உடம்பெல்லாம் குண்டு. மார்லிக்கு மார்பை உரசிக்கொண்டு போய் இடது கையில் பாய்ந்தது. யாரும் சாகவில்லை என்பது அதிசயம். இரண்டே நாளில், 5-ஆம் தேதி, ஏற்கெனவே ஒப்புக்கொண்ட கச்சேரிக்கு மேடை ஏறினார். பிறகு ஊரைவிட்டு லண்டனுக்குப் போய்த் தங்கினார். 'எக்ஸோடஸ்' ஆல்பம் அங்கே பிறந்தது. 1999-ல் டைம் பத்திரிகை அதை நூற்றாண்டின் சிறந்த ஆல்பம் என்று தேர்ந்தெடுத்தது.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

மார்லிக்குப் பாட்டுக்கு அடுத்தபடி உயிர் ஃபுட்பால். எந்த ஊருக்குக் கச்சேரிக்குப் போனாலும் பந்து கூடவே போகும். 1975-லேயே ஆட்டத்தில் வலது கால் பெருவிரலில் அடிபட்டிருக்கிறது. 1977 மே மாதம் பாரிஸில் பத்திரிகைக்காரர்களோடு விளையாடியபோது மறுபடியும் அதே விரலில் பலத்த அடி, நகம் பிய்ந்துவிட்டது. கட்டுப் போட்டுக்கொண்டே ஜூன் தொடக்கத்தில் லண்டன் ரெயின்போ தியேட்டரில் ஆடிப் பாடினார். அந்தக் கச்சேரி படமாகவும் இருக்கிறது. துள்ளித் துள்ளி ஆடும் அந்தக் காலைப் பார்க்க எனக்கு மட்டும் சங்கடமாக இருக்கும்.

புண் ஆறவில்லை. ஃபுட்பால் ஆடுகிறவனுக்கு நகம் போவது சகஜம், அடிபட்ட இடம் ஆறாமல் இருப்பதும் சகஜம், யாருக்குச் சந்தேகம் வரும்? கடைசியில் லண்டனில் ஒரு டாக்டர் சதையை எடுத்துப் பயாப்ஸிக்கு அனுப்பினார். வந்த ரிப்போர்ட் மெலனோமா.

இந்த இடத்தில் படிப்பை முடித்து நாளாகிவிட்டவர்களுக்காகவும், முதல் வருஷத்துப் பிள்ளைகளுக்காகவும் கொஞ்சம் பாடம். நம் தோலுக்கு நிறம் தருவது மெலனின் என்ற நிறமி. அதைத் தயாரிப்பது மெலனோசைட் என்ற செல். கறுப்பர், வெள்ளையர், நாம், எல்லாருக்கும் இந்த செல்களின் எண்ணிக்கை கிட்டத்தட்ட ஒன்றுதான். அவை செய்யும் நிறமியின் அளவும் அது பரவிக் கிடக்கும் விதமும்தான் வேறு. இந்த செல் அழிந்தால் வெண்புள்ளி, கட்டுமீறி வளர்ந்தால் மெலனோமா. வெண்புள்ளியால் உயிருக்கு ஆபத்தில்லை, ஆனாலும் ஊர் பயப்படும். மெலனோமா ஆளையே கொல்லும், ஆனாலும் ஒரு மச்சம் போல, ஒரு நகச்சுத்தி போலச் சாதுவாக உட்கார்ந்திருக்கும்.

வெள்ளைத் தோல்காரர்களுக்கு வெயிலால் மெலனோமா வருகிறது. அமெரிக்கக் கணக்கில் வெள்ளையரில் ஏறத்தாழ 33 பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் இது வரலாம். கறுப்பரில் 1,000 பேரில் ஒருவருக்குத்தான். இதைப் பார்த்துத்தான் நமக்கெல்லாம் இது வராதுப்பா என்ற நினைப்பு நோயாளிக்கும் இருக்கிறது, டாக்டருக்கும் இருக்கிறது. வராது என்றில்லை, வேறு இடத்தில் வரும். உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தின் அடிப்பாகம். இந்த ரகத்துக்கு அக்ரல் லென்டிஜினஸ் மெலனோமா என்று பெயர். உலகத்து மெலனோமா எல்லாவற்றையும் சேர்த்தால் இது 100-ல் இரண்டு மூன்றுதான். ஆனால் கறுப்பர்களுக்கும் ஆசியர்களுக்கும் மெலனோமா வந்தால் பெரும்பங்கு இந்த இடங்களில்தான். வெயிலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆகவே மார்லிக்கு வெள்ளைக்காரத் தகப்பன் ரத்தத்தால் வந்தது என்று சிலர் எழுதுவதில் அர்த்தமில்லை. சி.ஐ.ஏ. கொடுத்த பூட்ஸில் கம்பி இருந்தது, அது குத்தி வந்தது என்பதும் வெறும் கதை. கம்பி குத்தினால் சீழ் பிடிக்கும், மெலனோமா வராது. ஃபுட்பால் அடியால் வந்தது என்பதற்கும் ஆதாரமில்லை. அடி செய்த கெடுதல் வேறு: அது கண்ணை மறைத்தது.

இந்த ரகத்தைத் தனி நோயாக அமெரிக்க நோய்க்குறியியல் நிபுணர் ரிச்சர்ட் ரீட் பிரித்துச் சொன்னதே 1976-ல்தான், அதாவது மார்லியின் ரிப்போர்ட் வருவதற்கு ஒரு வருஷம் முன்பு. ஆனால் அதற்கு 90 வருஷம் முன்னாலேயே, 1886-ல், லண்டன் சர்ஜன் ஜோனதன் ஹட்சின்ஸன் இதைப் பார்த்துவிட்டார். நகச்சுத்தி என்று நினைத்து வைத்தியம் செய்துகொண்டிருக்கும் விரலில், ஓரத்தில் மட்டும் சில்வர் நைட்ரேட் பட்டதுபோல் லேசான கறை இருந்தால் உஷாராகுங்கள் என்று எழுதினார். நகத்தின் கறுப்பு பக்கத்துத் தோலுக்கும் பரவினால் இன்றும் அவர் பெயரால்தான் ஹட்சின்ஸன் அடையாளம் என்கிறோம். அவர் சொன்ன இன்னொன்றுதான் நம் பிள்ளைகள் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டியது: கறுப்புக் கேன்சர் பல நேரம் கறுப்பாகவே இருக்காது. நிறமியை இழந்துவிட்ட மெலனோமா சிவப்பாக, சதை வளர்ந்த மாதிரி, ஆறாத புண் மாதிரி இருக்கும். நம் ஊரில் நகச்சுத்தி வந்தால் விரலில் எலுமிச்சம்பழத்தைச் சொருகிக்கொண்டு ஒரு வாரம் பார்ப்பார்கள். அதில் தப்பில்லை. ஆறு வாரமாகியும் எலுமிச்சம்பழத்தை மாற்றிக்கொண்டே இருந்தால்தான் தப்பு. அதேபோல் சர்க்கரை நோயாளியின் உள்ளங்கால் புண்ணை எல்லாம் சர்க்கரைப் புண் என்றே நினைத்துக் கட்டுக் கட்டிக்கொண்டிருப்பதும். ஆறாத புண்ணிலிருந்து ஒரு துணுக்கு எடுத்து அனுப்ப எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

இதைப் படித்துவிட்டு நகத்தில் கறுப்புக் கோடு இருக்கிறவர்கள் எல்லாரும் ராத்திரியே எனக்குப் போன் செய்ய வேண்டாம். நம்மைப் போன்ற நிறத்தவருக்கு வயதாக ஆக நகத்தில் மெல்லிய கோடுகள் விழுவது வெகு சாதாரணம். பல விரல்களில் இருந்தால் பெரும்பாலும் பயமில்லை. பி-12 சத்துக் குறைவிலும், சில மருந்துகளாலும் வரும். ஒரே ஒரு விரலில், அதுவும் கட்டைவிரலிலோ கால் பெருவிரலிலோ, 3 மில்லிமீட்டருக்கு மேல் அகலமாக, மாதத்துக்கு மாதம் அகன்றுகொண்டு போனால் காட்டுங்கள். அடிபட்டு ரத்தம் கட்டிய கறுப்பு நகம் வளர வளர முன்னால் நகர்ந்து போகும். கால் பெருவிரல் நகம் முழுசாக வளர ஒன்று முதல் ஒன்றரை வருஷம் ஆகும், ஆனால் நகர்கிறதா இல்லையா என்பது இரண்டு மாதத்தில் தெரிந்துவிடும். நகராமல் அங்கேயே நிற்கும் கறுப்பை நம்பாதீர்கள்.

சரி, லண்டன் டாக்டர்கள் என்ன சொன்னார்கள்? விரலை எடுத்துவிட வேண்டும் என்றார்கள். அன்றைய சாஸ்திரம் அது. 1907-ல் லண்டனில் சாம்சன் ஹேண்ட்லி என்ற சர்ஜன், மெலனோமா நிணநீர்ப் பாதை வழியாகச் சுற்றுப்புறத்துக்குப் பரவுகிறது, அகலமாக வெட்டுங்கள் என்று சொன்னார். அதைப் பிடித்துக்கொண்டு கட்டியைச் சுற்றி 5 சென்டிமீட்டர் வரை வெட்டுவது பல பத்தாண்டுகள் வழக்கமாக இருந்தது. கால் விரலில் 5 சென்டிமீட்டர் விட்டு வெட்டினால் மிச்சம் என்ன இருக்கும்? அலெக்ஸாண்டர் பிரெஸ்லோ 1970-ல், அகலம் முக்கியமில்லை, கட்டி எத்தனை மில்லிமீட்டர் ஆழம் இறங்கியிருக்கிறது என்பதே முக்கியம் என்று காட்டிவிட்டார். ஆனால் கத்திக்கு அந்தச் செய்தி போய்ச்சேர இன்னும் நாளாயிற்று. இன்று மேல்தோலோடு நிற்கும் கட்டி என்றால் நகத்தையும் நகப்படுக்கையையும் முழுசாக எடுத்துவிட்டுத் தோல் ஒட்டு வைத்து விரலைக் காப்பாற்றுகிறோம். ஆழம் இறங்கியிருந்தால் மூட்டு வரைக்கும் விரலை எடுக்கத்தான் வேண்டும். பெருவிரலின் நுனி எலும்பு போனாலும் மனுஷன் நடப்பான், ஓடவும் செய்வான். 1992-க்குப் பிறகு, டொனால்ட் மார்ட்டன் காட்டிய வழியில், தொடை இடுக்கில் முதல் நிணநீர்க் கணுவை மட்டும் சாயம் செலுத்திக் கண்டுபிடித்து எடுத்துச் சோதிக்கிறோம்; நோய் கிளம்பிவிட்டதா என்று அதில் தெரிந்துவிடும். மார்லியின் காலத்தில் அது இல்லை.

மார்லி விரலைக் கொடுக்கச் சம்மதிக்கவில்லை. மியாமிக்குப் போய் இன்னொரு டாக்டரிடம் கேட்டார். அங்கே ஓர் எலும்பு சர்ஜன், விரலை விட்டுவிட்டு நகப்படுக்கையையும் சுற்றியிருந்த சதையையும் எடுத்து, தோல் ஒட்டு வைத்தார். அமெரிக்கச் சுற்றுப்பயணம் ரத்தானது. சில மாதம் மியாமியில் ஓய்வு. புண் ஆறியது, எல்லாம் சரியாகிவிட்டது என்று எல்லாரும் நினைத்தார்கள்.

மதப்பித்தால் செத்தான் என்று நம் டாக்டர் நண்பர்களே சுலபமாகச் சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்கு அதில் உடன்பாடில்லை. உடம்பைச் சிதைக்கக் கூடாது என்ற நம்பிக்கை இருந்தது, நிஜம். ஆனால் கத்தியே படக்கூடாது என்று அவர் சொல்லவில்லையே! ஆபரேஷன் மேஜையில் படுத்தார், சதையை வெட்டக் கொடுத்தார், தோல் ஒட்டும் வைத்துக்கொண்டார். மேடையில் ஆடுகிறவருக்கு, பந்து உதைக்கிறவருக்குப் பெருவிரல் என்பது நம் கணக்கில் இருக்கும் பெருவிரல் இல்லை. நம் வார்டிலும் இதைத் தினம் பார்க்கிறோம். விரலை எடுக்கணும் என்ற வார்த்தை வாயிலிருந்து வந்ததும் கட்டிலைச் சுற்றி நிற்கும் குடும்பமே அழும். ஊனமில்லாமல் போய்ச் சேரணும் சாமி என்று பெரியவர் கையெடுத்துக் கும்பிடுவார். இதற்கு ராஸ்தஃபாரி ஆகவேண்டும் என்பதில்லை. கேஸ் ஷீட்டில் மறுத்துவிட்டார் என்று எழுதிக் கையெழுத்து வாங்கினால் சட்டத்துக்குப் போதும். நோயாளிக்குப் போதாது. பாதி சம்மதித்தவரை அந்தப் பாதியோடு விட்டுவிடாமல் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும். மெலனோமாவை எடுத்தபின் முதல் இரண்டு மூன்று வருஷம் மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது வரச்சொல்லி, தழும்பைப் பார்த்து, தொடை இடுக்கைத் தடவிப் பார்த்து, மார்பை எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பதெல்லாம் அதற்குத்தான்.

அந்த மூன்று வருஷம் மார்லி எங்கே இருந்தார் என்று பாருங்கள். 1978 ஏப்ரல் 22, கிங்ஸ்டனில் அமைதிக் கச்சேரி. பிரதமர் மைக்கேல் மான்லியையும் எதிர்க்கட்சித் தலைவர் எட்வர்ட் சியாகாவையும் மேடைக்குக் கூப்பிட்டு இருவர் கையையும் சேர்த்துப் பிடித்துத் தலைக்கு மேல் தூக்கினார். அவர்களுடைய ஆட்கள்தான் தெருவில் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டிருந்தவர்கள். அதே வருஷம் ஐரோப்பா, அமெரிக்கா. 1979-ல் ஜப்பான், ஆஸ்திரேலியா, நியூஸிலாந்து. 1980 ஜனவரியில் ஆப்பிரிக்காவின் காபோன். ஏப்ரலில் ஜிம்பாப்வே சுதந்திர விழா. மேடைச் சாமான்களை எல்லாம் சொந்தச் செலவில் விமானம் ஏற்றிக்கொண்டு போனார். மைதானத்துக்கு வெளியே நின்ற ஜனம் உள்ளே நுழைய முட்டி மோத, போலீஸ் கண்ணீர்ப்புகை வீச, அந்தப் புகையிலும் பாடினார். ஜூனில் இத்தாலியின் மிலான் நகரில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் முன்னால். இதில் எந்த ஊரில் எந்த ஓ.பி.யில் அவர் வரிசையில் நின்றிருப்பார்?

1980 செப்டம்பரில் நியூயார்க் மாடிஸன் ஸ்கொயர் கார்டனில் இரண்டு நாள் கச்சேரி. மறுநாள் 21-ஆம் தேதி சென்ட்ரல் பார்க்கில் ஓடிக்கொண்டிருந்தவர் விழுந்துவிட்டார். சோதித்துப் பார்த்தால் கேன்சர் மூளை வரை போயிருந்தது. நுரையீரல், கல்லீரல் என்று எங்கும் பரவல். அது தெரிந்தும் 23-ஆம் தேதி பிட்ஸ்பர்க் நகரில் முழுக் கச்சேரி செய்தார். அதுவே கடைசி மேடை.

நியூயார்க்கில் கதிர்வீச்சும் மருந்தும் கொடுத்தார்கள். எந்த முடியைக் கத்தரிக்கக் கூடாது என்று விரதம் இருந்தாரோ அந்தச் சடை தானாகவே உதிர ஆரம்பித்தது. பாரம் தாங்காமல் மிச்சத்தையும் எடுத்துவிட்டார்கள். அந்த நவம்பரில் எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் சபையில் ஞானஸ்நானம் பெற்றார். பிறகு ஜெர்மனியில் பவேரிய மலையடிவாரத்தில் இருந்த ஜோசஃப் இஸெல்ஸ் என்ற டாக்டரின் மருத்துவமனைக்குப் போனார். கைவிடப்பட்ட கேன்சர் நோயாளிகளைத் தன் சொந்த முறையில் பார்ப்பவர், மருத்துவ உலகம் ஏற்காதவர். கடைசி நேரத்தில் மனுஷன் எதையாவது பிடித்துக்கொள்ளப் பார்ப்பான். குற்றம் சொல்லும் உரிமை எனக்கில்லை. வெயிலில் பிறந்து வளர்ந்தவர் பனி மூடிய அந்த ஊரில் ஏறக்குறைய ஆறு மாதம் கிடந்தார். 36-ஆவது பிறந்தநாளும் அங்கேதான் போனது. மெலிந்து எலும்பும் தோலுமானார்.

பரவிய மெலனோமாவுக்கு அன்றைக்கு உருப்படியான மருந்து கிடையாது. 2011 முதல் வந்த மருந்துகள், உடம்பின் எதிர்ப்புச் சக்திக்குப் போட்டிருந்த கடிவாளத்தை அவிழ்த்துவிட்டு அதையே கேன்சரின் மேல் ஏவிவிடுகின்றன. வெயிலால் வரும் மெலனோமாவில் கேட்கிற அளவுக்கு அக்ரல் ரகத்தில் அவை கேட்பதில்லை, ஆனாலும் முன்பைவிட எவ்வளவோ மேல். இந்த மருந்து எடுப்பவர்களில் சிலருக்கு உடம்பில் வெள்ளை வெள்ளையாய்த் திட்டுகள் விழும். எதிர்ப்புச் சக்தி கேன்சர் செல்லை மட்டும் அடையாளம் பார்த்து அடிக்காமல் நல்ல நிறமிச் செல்லையும் சேர்த்து அடிப்பதால் வருவது. வேறு யாருக்கு வந்தாலும் கவலைப்படும் வெண்புள்ளியை இங்கே மட்டும் கண்டால் டாக்டர் உள்ளுக்குள் சந்தோஷப்படுவார். மருந்து வேலை செய்கிறது என்பதற்குப் பல நேரம் அது நல்ல சகுனம்.

1981 மே மாதம் ஜெர்மனி டாக்டரும் கைவிரித்துவிட்டார். ஊருக்குப் போய்ச் சாகலாம் என்று கிளம்பினார்கள். ஊர் வரை தாங்கவில்லை, மியாமியில் இறக்கி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மே 11-ஆம் தேதி அங்கே உயிர் போயிற்று. ஆறு வருஷம் முன்பு அடிபட்ட அந்தப் பெருவிரல் கடைசி வரை காலோடுதான் இருந்தது.

மே 21-ஆம் தேதி அரசு மரியாதையோடு கிங்ஸ்டனில் இறுதிச் சடங்கு. அமைதிக் கச்சேரியில் அவர் கையைப் பிடித்துத் தூக்கிய சியாகா அதற்குள் பிரதமராகியிருந்தார். இரங்கல் உரை அவருடையது. பிறகு உடலை ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் வண்டிகள் வரிசையாக நைன் மைலுக்குப் போயின. வழி நெடுக ஜனம் நின்றது. அவர் பிறந்து வளர்ந்த சின்ன வீட்டுக்குப் பக்கத்திலேயே கல்லறை கட்டினார்கள். கிட்டாரையும் ஒரு பைபிளையும் கூடவே உள்ளே வைத்தார்கள்.